மூன்றாம் முறை கூப்பிட்டபோது

உலகத்தில் சண்டை ஓய்ந்து வருஷம் ஒன்று ஆகப் போகிறது. பம்பாய்த் தாராவியில் பிழைக்க வந்த ஆலங்காட்டுவிளைக்காரர்களின் சங்கத்தில் மட்டும் இன்னும் ஓய்ந்தபாடில்லை. சண்டைக் காலத்தில் செத்துப்போன ஊர்க்காரர்களுக்கு ஒரு நினைவுக்கல் வைப்பது என்று தீர்மானமாகிவிட்டது. அம்மன் கோயில் பக்கத்தில் இடம் பார்த்தாயிற்று. ஆள் உயரக் கருங்கல்லும் வந்து இறங்கிவிட்டது. அதில் யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்பதில்தான் அடிதடி வராத குறை.

“பட்டாளத்துல துப்பாக்கி பிடிச்சு செத்தவனும் மூட்டை தூக்கப் போன எடத்துல செத்தவனும் ஒண்ணாவே?” என்று எழுந்து நின்றார் தவசிமுத்து. அவருடைய ஒரே மகன் பூதத்தான் பர்மா எல்லையில் செத்துப்போனவன். மகன் போன நாளிலிருந்து கிழவர் நெஞ்சை நிமிர்த்தியே நடந்தார். பார்க்கிறவர்களுக்குத்தான் முதுகு வலித்தது.

“எம்மவன் என்ன கள்ளுக்கடையில விழுந்தா செத்தான்?” என்று பெண்கள் பக்கமிருந்து ஒருத்தி கத்தினாள். “வெள்ளைக்காரன் கப்பல், வெள்ளைக்காரன் வெடிமருந்து. வெடிச்சுது. எம்பிள்ளையில ஒரு கையி கூட எனக்குக் கெடைக்கல. அவன் மட்டும் எதுக்குக் கீழ இருக்கணும்?”

இரண்டு வருஷத்துக்கு முந்திய சித்திரையில் துறைமுகத்தில் ஒரு கப்பல் வெடித்தபோது தாராவியில் தகரக் கூரைகள் ஆடின. பம்பாயே பற்றி எரிந்தது. அன்றைக்கு அங்கே சுமை தூக்கிக்கொண்டிருந்த ஆலங்காட்டுவிளைக்காரர்கள் ஐந்து பேர் வீடு திரும்பவில்லை. பட்டாளத்தில் செத்தவர்கள் நாலு பேர். நாலு பேர் வீட்டாரும் ஐந்து பேர் வீட்டாரும் இப்போது எதிரெதிரே உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

சங்கத்தின் காரியதரிசி சுயம்பு. பரேலில் ஒரு மில்லில் குமாஸ்தா. நல்ல மனுஷர், நல்லது செய்தே ஆளைக் கொன்றுவிடக்கூடியவர். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார்.

“ரெண்டு பக்கமும் சொல்லுதது வாஸ்தவந்தான். அதனால மொதப் பேரு ரெண்டு பக்கத்துக்கும் சொந்தமானவன் பேரா இருக்கட்டும். அவன் பட்டாளத்துக்காரன். லீவுல வந்தவன். கப்பல் வெடிச்ச அன்னைக்கு, நம்ம ஆளுகளத் தூக்கிட்டு வாரேன்னு நெருப்புக்குள்ள ஓடுனவன். திரும்பி வரல. யாருன்னு நான் சொல்லணுமா?”

சொல்ல வேண்டியிருக்கவில்லை. “வெயிலுமுத்து!” என்று நாலைந்து குரல் ஒன்றாக வந்தது. தவசிமுத்துகூடத் தலையை ஆட்டினார். “அவன் எம்மவன்கூடப் பட்டாளத்துல ஒரே கம்பெனியில இருந்தவன். அவன் பேரு மேல இருந்தா எனக்கு ஆட்சேபணை கெடையாது” என்றார். வாரக் கணக்கில் நடந்த வழக்கு ஒரு நொடியில் தீர்ந்துபோயிற்று. கூட்டம் முழுவதும் திரும்பி, பெண்கள் வரிசையில் கடைசியில் உட்கார்ந்திருந்த மாடத்தியைப் பார்த்தது. பெருமையும் இரக்கமும் கலந்த பார்வை.

மாடத்தி முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டாள்.  வெயிலுமுத்து சாகவில்லை. முலுண்டில் ஒரு தபேலாவில், பால்மாட்டுக் கொட்டகையில், எருமைகளுக்குப் புல் அறுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். அவள் புருஷன் உயிரோடு இருப்பது ஊரில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

நெருப்புக்குள் ஓடினான் என்பது பொய்யில்லை. இரண்டு பேரைத் தூக்கியும் வந்தான். மறுநாள் பட்டாளத்துக்கு ரயிலேற வேண்டியவனின் கால்கள், அந்தப் புகைக்குள் நின்றபோது வேறு பக்கம் திரும்பிவிட்டன. கருகிக் கிடந்தவர்களில் தானும் ஒருவனென்று ஊர் நினைத்துக்கொள்ளும் என்று அவன் கணக்குப் போட்டானோ இல்லையோ, ஊர் அப்படித்தான் நினைத்துக்கொண்டது. மிலிட்டரி போலீஸ் தேடி வந்தபோது சங்கத்துப் பெரியவர்கள் அழுத அழுகையில் வந்தவர்களே தொப்பியைக் கழற்றிவிட்டுப் போனார்கள். சில வாரம் கழித்து, மாடத்தி வேலை செய்யும் தோல் ஷாப்பின் வாசலில் தாடி வைத்த ஒரு வடநாட்டுப் பால்கார பய்யா வந்து நின்று, தண்ணீர் கேட்டான். குரலைக் கேட்டதும் சொம்பு கை நழுவி விழுந்தது.

அன்றிலிருந்து மாதம் ஒரு தடவை முலுண்டில் ஓர் ஐயர் வீட்டில் மிளகாய் இடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு ரயிலேறுவாள். அவன் அங்கே ராமு. இந்தி பேசுவான். தமிழ்க் குரல் எங்கேயாவது கேட்டால் எருமைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வான். பிடிபட்டால் தூக்கில் போடுவார்கள் என்று அவன் நம்பினான். அவன் நம்பியதை அவளும் நம்பினாள். இரண்டு வருஷமாக அவள் சோற்றில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று பார்த்ததில்லை. வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்கிறதா என்றுதான் பார்த்தாள்.

இப்போது அதற்கு மேலே ஒன்று. அவளுக்கு மூன்று மாதம்.

ஆலங்காட்டுவிளையில் ஒரு வழக்கம் உண்டு. வெளியூரில் செத்து, உடல் கிடைக்காமல் போனவனைச் சும்மா செத்தவனாக்கிவிட மாட்டார்கள். கல் ஒன்று நட்டு, அதற்கு முன்னால் ரத்த சொந்தத்தில் ஒருவர் நின்று மூன்று முறை பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கல்யாணமானவன் என்றால் பெண்டாட்டிதான் கூப்பிட வேண்டும். மூன்று முறைக்கும் பதில் வராவிட்டால் போனவன் போனவன்தான். அங்கேயே தாலியைக் கழற்றிவிடுவார்கள். அதுவரை அவள் சுமங்கலி. பூ வைக்கலாம், பொட்டு வைக்கலாம், யாரும் வாய் திறக்க முடியாது. பதில் வந்ததாக அந்த ஊர்ச் சரித்திரத்திலேயே கிடையாது. இருந்தாலும் கேட்டுவிட்டுத்தான் செத்தவனாக்குவார்கள். அந்த மட்டுக்கு மரியாதை தெரிந்த ஜனம்.

கல் இல்லாதவரை மாடத்தி அந்த வழக்கத்துக்குள் நிம்மதியாக ஒளிந்திருந்தாள். இப்போது கல் வந்துவிட்டது. கூப்பிட்டால் அவள் தாலியறுத்தவள். தாலியறுத்தவளுக்கு இன்னும் ஒன்றிரண்டு மாதத்தில் வயிறு தெரியும். கூப்பிட மாட்டேன் என்றாலும் வயிறு தெரியாமல் போகாது, ஏன் என்றும் கேட்பார்கள். ஏன் என்பதற்கு அவளிடம் இருந்த ஒரே பதில் புருஷனைத் தூக்குமேடைக்கு அனுப்பும் பதில். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

மறுநாள் தோல் ஷாப்பில், ஆட்டுத் தோலிலிருந்து மயிர் பிடுங்கிக்கொண்டிருந்தவள் திடீரென்று எழுந்து சுவரோரம் ஓடி வாந்தியெடுத்தாள். சுண்ணாம்பும் அழுகலும் கலந்த அந்த நாற்றம் அவளுக்குப் பழகிப்போன ஒன்று. அதற்குள் உட்கார்ந்தே கஞ்சி குடிப்பவள். பக்கத்தில் வேலை செய்யும் நூர் நிஷா வந்து முதுகைத் தடவிக் கொடுத்தாள். நாலு பிள்ளை பெற்றவள். தடவிக்கொண்டிருந்த கை நடுவில் நின்றுவிட்டது.

மாடத்தி வாயைத் துடைத்துக்கொண்டு, “காலம்பற பழைய மீன் கொழம்பு. அதான் ஒத்துக்கல” என்றாள்.

“நான் ஒண்ணும் கேக்கலியே புள்ள” என்றாள் நூர் நிஷா. “கேட்டா நீ பொய் சொல்லணும். எதுக்கு அந்தப் பாவம் எனக்கு? ஆனா ஒண்ணு சொல்லுதேன். கண்ணு எனக்கு மட்டும் இல்ல, ஊருக்கே இருக்கு.”

சொல்லிவிட்டு அவளுடைய பங்குத் தோலையும் தன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்த்தாள். மாடத்திக்கு அழுகை வந்தது. அழுதால் அதற்கும் காரணம் சொல்ல வேண்டுமே என்று அடக்கிக்கொண்டாள்.

அந்த வாரத்தில் ஒருநாள் சாயங்காலம் சுயம்பு அவள் கோலிக்கே, அந்த ஒற்றை அறை வீட்டுக்கே, வந்தார். உள்ளே வராமல் வாசல்படியில் நின்றே பேசினார். ஒரு பெண் தனியாக இருக்கும் வீடு என்ற மரியாதை.

“கல்லுல பேரு வெட்டியாச்சு தாயி. மாட்டுங்காவுல இருந்து வந்த ஆசாரி, நம்ம அம்பாசமுத்திரத்துப் பக்கத்து ஆளுதான், முத்து முத்தா வெட்டியிருக்காரு. வெயிலுமுத்து பேரு உச்சியில. வார ஞாயித்துக்கெழமை காலம்பற நேரம் நல்லாருக்கு. ஒவ்வொருத்தரா கூப்பிட்டு முடிக்கணும். உன்னைய கடைசியில வச்சிருக்கேன். மொதப் பேரு கடைசியில கூப்பிட்டா அதுக்கு ஒரு கௌரவம்.”

மாடத்தி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். “இம்புட்டு சீக்கிரமாவா அண்ணாச்சி? மழைக்காலம் முடிஞ்சு வச்சா என்ன?”

“உம்மனசு எனக்குத் தெரியாதா? ரெண்டு வருசமா நம்பிக்கிட்டு இருந்துட்ட. யாரு மனசுதான் கேக்கும்? ஆனா எத்தன நாளைக்கி?” அவர் குரல் உண்மையாகவே தழுதழுத்தது. “உங்க அண்ணன் தம்பி யாரும் இங்க இல்ல. அதுக்காகக் கவலப்படாத. கோடிச் சேலை நான் எடுத்துப் போடுதேன். எங்கூடப் பொறந்தவளுக்குச் செய்ய மாட்டேனா?”

தாலியறுக்கும் பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் போடும் சேலை அது. தாதரில் நல்ல கடையிலேயே எடுத்துவிட்டதாகவும் சொன்னார். அவர் போன பிறகு மாடத்தி கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு கெட்ட மனுஷன் வந்து மிரட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பாள். இப்படி நல்ல மனசோடு வந்து கழுத்தில் கை வைப்பவரை என்ன செய்வது?

மறுநாள் வேலைக்குப் போகாமல் சயானில் ரயிலேறினாள்.

பெண்கள் பெட்டியில் மீன்காரிகளின் கூடைகளுக்கு நடுவில் இடுங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு விஷயம் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் புருஷன் பெயரை அவள் வாயால் ஒரு நாளும் சொன்னதில்லை. கல்யாணமான நாளிலிருந்து ‘அவிய’தான், ‘இந்தாருங்க’தான். ஞாயிற்றுக்கிழமை ஊர் முன்னால் கூப்பிடச் சொல்கிறார்களே, வருமா என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். வெயிலு என்பது வரை வந்தது. அதற்கு மேல் நாக்கு நகரவில்லை. புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பார்கள். குர்லா போயிற்று, காட்கோபர் போயிற்று. பக்கத்திலிருந்த மீன்காரி, “க்யா ஹுவா பாயி, தபியத் டீக் நஹி?” என்று கேட்டாள். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று தலையாட்டினாள்.

தபேலா முலுண்ட் ஸ்டேஷனைத் தாண்டி மலைப் பக்கமாக இருந்தது. நீளமான கொட்டகை, வரிசையாக எருமைகள், கால் புதையும் சாணிச் சேறு. வெயிலுமுத்து தலையில் முண்டாசோடு புல்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தான். வழக்கமில்லாத நாளில் அவளைப் பார்த்ததும் முகம் வெளிறிப்போயிற்று.

“போலீஸா?” என்றான். அதுதான் எப்போதும் அவனுடைய முதல் கேள்வி.

“கல்லு” என்றாள் மாடத்தி. எல்லாவற்றையும் சொன்னாள். உச்சியில் அவன் பெயர் என்று கேட்டதும் அவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. புல்கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

“வெட்டியாச்சுன்னா வெட்டியாச்சு. நல்லதுதானட்டி? கல்லுல பேரு இருக்கவன எவனும் தேட மாட்டான். செத்தவனாவே இருந்துட்டுப் போறேன்.”

“நீங்க செத்தா நான் தாலியறுக்கணும்.”

“ஊருக்காகத்தான? கழத்திக் கொடு. நெசமாவா செத்துட்டேன்?”

அவள் அவனைப் பார்த்தாள். கோபம் வரவில்லை, ஆச்சரியம்தான் வந்தது. எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டான். “எனக்கு மூணு மாசம்” என்றாள்.

ஒரு எருமை தலையை ஆட்டிச் சங்கிலியை இழுத்தது. வெயிலுமுத்து அதன் கழுத்தைத் தட்டிக் கொடுத்தான். தட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தான். 

“தாலியறுத்தவ வயித்துல பிள்ளை எங்க இருந்து வந்துதுன்னு ஊரு கேக்கும். நான் யாரு பேரச் சொல்ல? சொல்லுங்க.”

“ஊருக்குப் போயிரு. ஆலங்காட்டுவிளைக்கே போயிரு. பெறவு நான் வந்து…”

“அங்க இருக்கவங்களும் இதே ஆளுகதான். இங்க தும்முனா அங்க கேக்கும்.” அவள் கிட்டே போனாள். “வாங்களேன். வந்து நின்னு, நான்தாம்னு சொல்லிருங்க. சண்டை முடிஞ்சு போச்சு. செயில்ல போட்டா போடட்டும். நான் கஞ்சி கொண்டாந்து தாரேன். தூக்குல எல்லாம் இப்பம் போட மாட்டாவன்னு தோணுது.”

“தோணுதா ஒனக்கு?” என்று சீறினான். அப்புறம் குரல் இறங்கியது. “போலீஸ் மட்டுமில்லட்டி.”

“பெறகு?”

“தவசிமுத்து மாமா.” தரையைப் பார்த்தான். “அவரு மூஞ்சில எப்படி முழிப்பேன்? பூதத்தான் எங்கிட்டதான் கெடந்து செத்தான். நான் லீவுல வந்தப்பம் தந்தி இன்னும் வரல, நானும் வாயத் தொறக்கல. மாமா ஊரு பூரா, எம்மவன் துப்பாக்கி பிடிச்சு முன்னால போயி செத்தான்னு சொல்லிக்கிட்டு அலையுதாரு. அவன் எங்க முன்னால போனான்? நாங்க ரோடு போட மண்ணு சொமந்துக்கிட்டு இருந்தோம். சப்பான்காரன் ஏரோப்பிளேன்ல இருந்து குண்டு போட்டான்.” புல் ஒன்றைக் கிள்ளிப் போட்டான். “நான் வந்தா மொதக் கேள்வி அவருதான் கேப்பாரு. என்னால ஆகாது.”

மாடத்தி முந்தானையைச் சரி செய்துகொண்டாள். கெஞ்சிப் பார்த்தாயிற்று. இனிமேல் அழுதால் அவன் தேற்றுவான். தேற்றிவிட்டு இங்கேயே இருந்துவிடுவான். அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

“ஞாயித்துக்கெழமை காலம்பற கூப்பிடுவேன்” என்றாள். “மூணு தடவை. கேட்டுக்கிடுங்க.”

திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அவன் பின்னால் வந்து ஏதாவது சொல்வான் என்று ஸ்டேஷன் வரை எதிர்பார்த்தாள். வரவில்லை.

அதன்பிறகு ஞாயிறு வரை அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். வருவான் என்று நினைத்தால் பயம். வந்தால் பிடித்துக்கொண்டு போவார்கள். வர மாட்டான் என்று நினைத்தாலும் பயம்.  தெருவில் எவனாவது பால் கேனோடு போனால் ஓடிப்போய்ப் பார்த்தாள். நூர் நிஷா மட்டும் ஒரு கஷாயமோ ஊறுகாயோ எதையாவது கொண்டுவந்து வைத்துவிட்டு, எதுவும் கேட்காமல் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை தாராவித் தமிழர்களில் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள். மேளம் சொல்லியிருந்தார்கள். கல்லுக்குப் புது வேட்டி கட்டி, மாலை போட்டு, முன்னால் வாழையிலையில் பொங்கல். தோல் ஷாப்பு முதலாளி ராவுத்தர்கூட வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சுயம்பு வெள்ளைச் சட்டையில் குறுக்கும் நெடுக்குமாக ஓடிக்கொண்டிருந்தார். அவர் கையில் தாம்பாளம். அதில் மடித்து வைத்த கோடிச் சேலை. மாடத்தியைக் கல்லுக்கு எதிரே முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். அவளுக்குப் பின்னால் இரண்டு விதவைகள் தயாராக நின்றார்கள். தாலியைக் கழற்றுவது அவர்கள் வேலை.

துறைமுகத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் முதலில் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு பெயருக்கும் மூன்று முறை. ஒவ்வொரு முறைக்கும் பிறகு ஜனம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது; தூரத்தில் ரயில் போகும் சத்தம்தான் கேட்டது. ஒருத்தி மூன்றாம் முறை கூப்பிடாமல் கல்லைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவளை விலக்கிக் கூட்டிப்போய்க் கூப்பிடவைக்க நேரமாயிற்று.

பிறகு தவசிமுத்து வந்தார். பட்டாளத்து ஆபீசர் மாதிரி விறைப்பாக நின்று, “பூதத்தான்!” என்று ஒரு போடு போட்டார். பெஞ்சில் இருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். இரண்டாம் முறை சத்தம் பாதியாகக் குறைந்தது. மூன்றாம் முறை அவர் அழைத்தது, பொழுது சாய்ந்தும் விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுவது போல இருந்தது. “ஏ பூதத்தான்… வாலே.” பதில் வரவில்லை. கிழவர் தோளில் துண்டைச் சரியாகப் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார். முதுகு கொஞ்சம் வளைந்திருந்தது.

“மாடத்தி, வா தாயி” என்றார் சுயம்பு.

எழுந்து நின்றாள். கல்லின் உச்சியில் அவன் பெயர். அவளுக்கு எழுத்துத் தெரியாது. இருந்தாலும் அதுதான் என்று தெரிந்தது, மற்ற எழுத்தைவிடப் பெரிதாக வெட்டியிருந்தார்கள். வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

“சத்தமா தாயி. இது கணக்குல சேராது” என்றார் சுயம்பு மிருதுவாக. கூட்டத்தில் பெண்கள் இப்போதே விசும்பத் தொடங்கிவிட்டார்கள். இருபது வருஷம் வாழ்ந்தாலும் புருஷன் பேரைச் சொல்லாதவர்கள் அவர்களும். அவள் படும் பாடு அவர்களுக்குத் தெரியாதா?

“வெயிலுமுத்து” என்றாள்.

 அவள் காது முழுவதும் பின்பக்கம் இருந்தது. மேளக்காரன் ஒருவன் இருமினான். அவ்வளவுதான்.

“வெயிலுமுத்து.”

இந்தத் தடவை குரல் நன்றாகவே வந்தது. இரு பக்கமும் கூட்டத்தைப் பார்த்தாள். முண்டாசு இல்லை, தாடி இல்லை, பால் கேன் இல்லை. எல்லாம் தெரிந்த முகங்கள், எல்லாக் கண்ணிலும் தண்ணீர். பின்னால் நின்ற விதவையின் கை அவள் பிடரியில் பட்டது. முடிச்சைத் தேடுகிறாள். ஜில்லென்ற அந்த விரல்கள் பட்டதும் மாடத்திக்குள் என்னவோ அறுந்துபோயிற்று. பயமெல்லாம் போய் வெறும் ஆத்திரம் நின்றது. இரண்டு வருஷம் இவனுக்காக எத்தனை பொய், எத்தனை மிளகாய்! இவன் எருமைக்குப் பின்னால் நிற்பான், இவள் ஊருக்கு முன்னால் நிற்க வேண்டுமா? கையைத் தட்டிவிட்டுக் கல்லுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். கல்லைப் பார்த்துக் கூப்பிட்டு என்ன பிரயோஜனம்? தெருவைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

“ஏ வெயிலுமுத்து!”

புருஷனை ‘ஏ’ போட்டுக் கூப்பிட்ட பெண்ணை ஆலங்காட்டுவிளை அன்றைக்குத்தான் பார்த்தது. சுயம்பு வாயைப் பிளந்தார். யாரோ ‘சிச்சீ’ என்று தொடங்கிப் பாதியில் நிறுத்தினார்கள். ரயில்கூடப் போகவில்லை. மாடத்தி நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள்.  சரி, முடிந்தது என்று கண்ணை மூடினாள்.

“வாரேன்ட்டி.”

தோல் ஷாப்புச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. சாப்பிடக் கூப்பிட்டால் சொல்வானே, அதே குரல், அதே சலிப்பு. சுவர் முனையில் முண்டாசைக் கையில் பிடித்துக்கொண்டு தாடியோடு ஒருவன் வந்து நின்றான்.

பெண்கள் கூவிக்கொண்டு சிதறினார்கள். தாம்பாளம் தரையில் உருண்டது. பேய் என்றார்கள், பிசாசு என்றார்கள். கிட்டே வந்ததும் சாணி நாற்றம் அடித்தது, பேய் இல்லை என்று நிச்சயமாயிற்று. அதற்குள் வேறு பேச்சு கிளம்பியது. “ஓடி ஒளிஞ்ச பயலாலே நீ?” என்று ஒருவன் பாய்ந்தான். “இவன் பேரா உச்சியில?” என்றான் இன்னொருவன். கை ஓங்கியாயிற்று. மாடத்தி குறுக்கே விழுந்து, “அடிக்காதிய, எம்பிள்ளைக்கு அப்பன்” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். நூர் நிஷா எங்கிருந்தோ வந்து அவளைத் தாங்கிக்கொண்டாள். சுயம்பு, பாவம், ஊரையே கொலை செய்துவிடுபவர் போல, “எவனாவது வெளியில மூச்சு விட்டிய…” என்று விரலை ஆட்டிக்கொண்டிருந்தார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு தவசிமுத்து வந்தார். எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். அடிக்க உரிமை உள்ளவர் அவர்தான். வெயிலுமுத்து கையைக்கூடத் தூக்கவில்லை. தலையைக் குனிந்து நின்றான். கிழவர் அவன் தோளைப் பிடித்தார். 

“நீ அவன்கூட இருந்தியாலே? கடைசியில?”

“இருந்தேன் மாமா.”

“ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சு. எவனும் எனக்குச் சொல்லல. துப்பாக்கி பிடிச்சு செத்தான்னு நானாத்தான் சொல்லிக்கிட்டேன். எம்மவன் எப்படிலே செத்தான்?”

வெயிலுமுத்து மாடத்தியைப் பார்த்தான். இனிமேல் ஓட இடமில்லை. “துப்பாக்கி இல்ல மாமா. மண்வெட்டிதான். குண்டு வயித்துல பட்டுது. உடனே போகல. மத்தியானத்துல இருந்து பொழுதடையற வரைக்கும் எம்மடியில கெடந்தான். வலி தாங்காம அழுதான். உங்களத்தான் கூப்பிட்டுக்கிட்டே இருந்தான்.”

“என்னையா? அவுக அம்மையையா?”

“உங்களத்தான் மாமா. அப்பா, அப்பான்னு.”

கிழவர் கல்லின் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்:

“எத்தன தடவைலே கூப்பிட்டான்?”

“எண்ணல மாமா” என்றான் வெயிலுமுத்து. தவசிமுத்து அப்படியே தரையில் உட்கார்ந்து, அவன் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.